குழந்தைப் பாக்கியத்திற்குச் சீன மூலிகையும் ஸ்டெம் செல்லும்: ஆதாரம் எங்கே?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நசரத்பேட்டையில் வசிக்கும் ஒரு தம்பதி நம்மைச் சந்திக்கக் காத்திருந்தார்கள். நிக்காஹ் முடிந்து ஏழு வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கணவரின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒன்று, மலேசியாவில் வேலை பார்க்கும் மச்சான் அனுப்பிய மூலிகைப் பொட்டலம். மேலே முழுக்கச் சீன எழுத்து, கீழே சிரிக்கும் ஒரு குழந்தையின் படம். மற்றொன்று, ஒரு தனியார் சிகிச்சை மையம் கொடுத்த செலவு மதிப்பீடு. மனைவியின் சினைப்பையில் ஸ்டெம் செல் செலுத்தினால் கருமுட்டை மறுபடி உருவாகும் என்றும், மூன்றரை லட்சம் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மஹராகப் போட்ட நகையை அடகு வைப்பதாகப் பேச்சு.

"இதெல்லாம் ஹலாலான்னு மட்டும் சொல்லுங்க ஹஜ்ரத், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் கணவர். மனைவி எதுவும் பேசவில்லை.

அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர்களுடையது மட்டுமல்ல. பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், எத்தனை கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்றன என்று. குழந்தையின்மை அரிதான சோதனையும் அல்ல. வாழ்நாளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் இதை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னது. நம் ஜமாஅத்துகள் மட்டும் இதற்கு விதிவிலக்காக இருக்க முடியாது.

ஹலாலா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், கீழே சொல்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவர்கள் சொல்வது உண்மையா?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சீனா வரை போயாவது கல்வி தேடச் சொல்லும் ஒரு வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றார்கள். இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த நூலிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். கருத்து நல்லது என்பதற்காக யாரும் அதை நபி (ஸல்) அவர்களின் சொல்லாக ஏற்றுவிடவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இடையில் ஆள் விடுபட்டதா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சமூகம், மனைவியின் உடம்புக்குள் செலுத்தப் போகும் ஒன்றுக்கு வாட்ஸ்அப் காணொளியை ஆதாரமாக எடுத்துக்கொள்வது நமக்கு வியப்பாக இருக்கிறது.

முதலில் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம்.

சீன மருந்து என்றாலே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. அந்த மருந்தும் நம் மருந்தும் பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவை. யூனானி ஹகீம்கள் இலவங்கப்பட்டையைத் தார்சீனி என்கிறார்கள். பாரசீக மொழியில் அதற்குச் சீனத்து மரம் என்று பொருள். சித்த மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்று கேட்டு வாங்குகிறோமே, அதை யூனானியில் சோப்சீனி என்பார்கள். அதுவும் சீனக் கட்டைதான். போர்ச்சுகீசியர் காலத்தில் கப்பலேறி வந்ததால் நம் ஊரில் பறங்கி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈரானின் தப்ரீஸ் நகரில் அமைச்சராகவும் மருத்துவராகவும் இருந்த ரஷீதுத்தீன் என்பவர், சீன மருத்துவ நூல்களைப் பாரசீக மொழியில் பெயர்க்கவே ஏற்பாடு செய்தார்.

சீன மூலிகையிலிருந்து நோபல் பரிசு வரை போன கதையும் உண்டு. து யூயூ என்ற பெண் விஞ்ஞானி, 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்றில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட ஒரு பூண்டைப் பற்றிய குறிப்பைப் படித்தார். மூலிகையைக் கொதிக்க வைக்காமல் பிழிந்து எடுக்கச் சொல்லியிருந்தது அவர் கவனத்தை ஈர்த்தது. குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தெடுத்தார், எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்தார், பிறகு தாமே குடித்துப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அப்படிக் கிடைத்த ஆர்ட்டெமிசினின் இன்று மலேரியாவுக்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏடு ஒரு தடயத்தைக் கொடுத்தது. நம்பிக்கையைக் கொடுத்தது சோதனை.

குழந்தையின்மைக்கான சீன மூலிகைகளில் இந்த இரண்டாவது பாதி இன்னும் முடியவில்லை. சீன மருத்துவ மரபில் பிள்ளைப்பேற்றின் ஆற்றல் சிறுநீரகத்தில் சேமிக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். அதை வலுப்படுத்தும் மூலிகைக் கலவைகள் பல இருக்கின்றன. அவற்றிலுள்ள சில வேதிப்பொருள்கள் சினைப்பைச் செல்களையும் ஸ்டெம் செல்களையும் தூண்டுகின்றனவா என்று சீன ஆய்வகங்களில் எலிகளிலும் கண்ணாடித் தட்டுகளிலும் ஆராய்கிறார்கள். பொட்டலம் விற்பவர் காட்டும் 'விஞ்ஞான நிரூபணம்' பெரும்பாலும் இந்த எலி ஆய்வுகள்தான். எலிக்கு மூன்று வாரத்தில் பிரசவம் ஆகிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியா?

மனிதர்களில் ஒழுங்காகச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மூலிகை அல்ல, அதே சீன மரபின் அக்குபங்சர். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் குழந்தையில்லாத 1000 பெண்களைக் கொண்டு சீனாவில் ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 21.8 சதவீதம் பேருக்கும், பேருக்கு மட்டும் குத்தப்பட்டவர்களில் 22.4 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது, ஊசியால் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில், நம் ஊர் மகப்பேறு மருத்துவர்கள் சாதாரணமாக எழுதித் தரும் குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 28.7 சதவீதம் பேர் தாயானார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15.4 சதவீதம். இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் ஹார்பின் நகரின் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கள் மரபுக்குப் பாதகமான முடிவை அவர்களே உலகத்துக்குச் சொன்னார்கள். இந்த நேர்மைக்கு நாம் மரியாதை செலுத்துகிறோம்.

மேலே இன்னொரு எண்ணையும் பாருங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது! அந்தப் பதினைந்து பேரிடம் ஒருவர் பொட்டலம் விற்றிருந்தால், பதினைந்து பேரும் அதற்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், உண்மை என்று நம்பியே சொல்லியிருப்பார்கள். "எங்க பக்கத்து வீட்டுல சாப்பிட்டாங்க, நின்னுச்சு" என்ற பேச்சை நாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

பலன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கெடுதல் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உறுதியில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் நூறு பேர். விசாரித்தபோது தெரிந்தது: ஹான் ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்த குவாங் ஃபாங்ஜி என்ற வேறு வேர் கலந்துவிட்டது. இரண்டாவது வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. அது புற்றுநோயும் உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது. இந்த நஞ்சு சீனாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆடுகூடத் தீண்டாது என்று நம் முன்னோர் பெயர் வைத்த ஆடுதீண்டாப்பாளையும், ஈச்சுரமூலியும் இதே குடும்பத்துச் செடிகள். இவற்றிலும் அந்த அமிலம் உண்டு. படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருக்கும் பொட்டலத்துக்குள் எந்த வேர் இருக்கிறது என்று அனுப்பிய மச்சானுக்கும் தெரியாது.

ஹலால் விஷயமும் இங்கேதான் வருகிறது. பெண்களின் இரத்த விருத்திக்கும் கருத்தரிப்புக்கும் சீன மருத்துவத்தில் பெயர்பெற்ற சத்துப் பொருள் அஜியாவ். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. நாட்டுக் கழுதையின் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் கைபர் போரின்போது தடுத்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அது கூடாது. உலர்த்திய மனித நஞ்சுக்கொடியைக் குழந்தையின்மைக்குத் தூளாக்கிக் கொடுக்கும் வழக்கமும் அந்த மரபில் இருந்திருக்கிறது. மனித உடலின் பாகத்தை உண்பது மனிதனுக்கு அல்லாஹ் வழங்கிய கண்ணியத்துக்கு எதிரானது. மதுவில் ஊறவைத்த வேர்களும் உண்டு. எல்லாப் பொட்டலத்திலும் இவை இருக்கும் என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல முடியாத பொட்டலத்தை வாயில் போடாதீர்கள் என்கிறோம்.

மூலிகை வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி மூடவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் அரும்பாக்கத்தில் அரசு சித்த, யூனானி மருத்துவம் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற மருத்துவர்கள் பார்ப்பார்கள். மருந்தின் மேல் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். இந்தியாவில் அரசு அங்கீகரித்த மரபு மருத்துவங்களின் வரிசையில் சீன மூலிகை மருத்துவம் இல்லை. அதனால் அதில் தவறு நடந்தால் எந்த மன்றத்தில் போய்ப் புகார் சொல்வது என்பதே பெரிய கேள்வி. எந்த மூலிகை சாப்பிட்டாலும் கருத்தரிப்பு சிகிச்சை தரும் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

இனி அந்த மூன்றரை லட்ச ரூபாய் விஷயம்.

ஸ்டெம் செல் என்பது பிசைந்து வைத்த மாவு போன்றது. அதே மாவில் பரோட்டாவும் வரும், சமோசாவும் வரும். அதுபோல, இன்ன வேலை என்று முடிவாகாத செல், சூழலுக்கேற்பத் தோலாகவோ இரத்தமாகவோ மாறும். எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடியிலும் இவை கிடைக்கின்றன. ஆனால் கருமுட்டையின் கதை வேறு. ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் அறுபது எழுபது லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து இருபது லட்சமாகக் குறைந்துவிடும். பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியாவது நானூறு ஐந்நூறுதான். புதிதாக முட்டை உருவாவதில்லை என்பதே நெடுங்காலமாக மருத்துவப் பாடம்.

2004-இல் அமெரிக்காவில் ஜோனதன் டில்லி குழுவினர், எலியின் சினைப்பையில் புது முட்டை உருவாக்கும் ஸ்டெம் செல் இருப்பதாகச் சொன்னார்கள். 2009-இல் ஷாங்காய் விஞ்ஞானிகள் அத்தகைய செல்லிலிருந்து எலிக்குட்டிகள் பிறந்ததாக அறிவித்தார்கள். மனிதப் பெண்ணிலும் உண்டா? 2020-இல் சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மனித சினைப்பையின் செல்களை ஒவ்வொன்றாகப் பகுத்துப் பார்த்து, அப்படி எதுவும் தென்படவில்லை என்றார்கள். விஞ்ஞானிகளுக்குள்ளேயே தீராத வழக்கு இது. ஜப்பானில் ஹயாஷி என்பவர் எலியின் சாதாரண உடல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, ஆய்வகத்திலேயே முட்டையாக்கி, குட்டியும் பிறக்க வைத்திருக்கிறார். சுப்ஹானல்லாஹ் என்று சொல்ல வைக்கும் வேலைதான்! ஆனால் அந்த முறையில் மனிதக் குழந்தை எதுவும் பிறந்ததில்லை.

மனிதர்களில் நடந்த முயற்சிகளும் இருக்கின்றன. சீனாவின் நாஞ்சிங் நகர மருத்துவமனை ஒன்றில், இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்த பெண்களுக்குத் தொப்புள்கொடி ஸ்டெம் செல்லைச் செலுத்தினார்கள். சிலர் கருத்தரித்ததாக 2018-இல் அறிக்கை வந்தது. நம் நாட்டில் அகமதாபாத் மருத்துவர்கள், கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போன ஒரு பெண்ணுக்கு அவருடைய எலும்பு மஜ்ஜை செல்லையே செலுத்தி, பிறகு சோதனைக் குழாய் முறையில் கருத்தரிக்க வைத்ததை 2011-இல் எழுதினார்கள். இவை பொய்யல்ல. ஆனால் நாஞ்சிங்கில் கருத்தரித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அகமதாபாத் அறிக்கை ஒரே ஒரு பெண்ணைப் பற்றியது. இளவயதில் சினைப்பை செயலிழந்தவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கருத்தரிப்பதுண்டு. அல்லாஹ்வின் நாட்டத்தால் அப்படிக் கிடைத்த குழந்தையா, ஊசி காரணமாக அமைந்த குழந்தையா என்று பிரித்துச் சொல்ல இவ்வளவு சிறிய எண்ணிக்கை போதாது.

இதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கறாராக இருக்கிறது. 2007-இல் அது வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் 'ஆராய்ச்சி, சிகிச்சை' என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 2013-இல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2017 நெறிகளின்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு இரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்துவது மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்ற எல்லாமே ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்தத் தம்பதியிடம் இருந்தது விலைப்பட்டியல். பதிவு எண் எங்கே என்று கேட்டுப் பார்க்கச் சொன்னோம். கேட்டார்களாம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்று பதில் வந்ததாம்.

மார்க்கத் தீர்ப்பு இதைவிடத் தெளிவானது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, செயற்கைக் கருத்தரிப்பின் ஏழு முறைகளை எடுத்து ஆராய்ந்தது. கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பைக்குப் போகும் இரண்டு முறைகளைத் தேவை கருதி அனுமதித்தது. மூன்றாவது நபரின் விந்து, முட்டை, கருப்பை வரும் ஐந்தையும் ஹராம் என்றது. அதே கணவனின் இன்னொரு மனைவி சுமப்பதைக்கூட அனுமதிக்கவில்லை. 2003-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை ஸ்டெம் செல் பற்றிப் பேசியது. பெரியவர்களின் உடலிலிருந்து, கெடுதல் வராமல், சம்மதத்தோடு எடுப்பதும், தொப்புள்கொடியிலிருந்து எடுப்பதும் கூடும் என்றது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதையும் குளோனிங்கையும் தடுத்தது. ஆக, மனைவியின் சொந்த மஜ்ஜையிலிருந்து எடுத்த செல் என்ற அளவில் அது ஹராம் இல்லை. ஆனால் மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்துக் கெடுதல் விளைவித்தவரே அதற்குப் பொறுப்பு என்ற பொருளில் நபிமொழி இருக்கிறது. நிரூபணமாகாததை நிரூபணமானது என்று சொல்லி விற்பது ஃபிக்ஹில் ஏமாற்று வியாபாரம். செல் ஹலால், வியாபாரம் ஹராம் என்ற நிலை இங்கே வருகிறது.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் தானமுட்டையையும் தானவிந்தையும் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதால் மார்க்கம் அனுமதித்ததாக ஆகாது. மையங்களில் நீட்டும் சம்மதப் படிவத்தில் தானமுட்டைக்கான கட்டமும் இருக்கலாம். அவசரத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கணவன் மனைவி அல்லாத வேறு யாருடையதும் சேரக்கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

பெண்களின் மலட்டுத்தன்மையைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் நம் வீடுகளில் ரூஹ் அஃப்ஸா மூலம் எல்லோருக்கும் தெரிந்த ஹம்தர்த் நிறுவனமும் ஒன்று. 1959 இறுதியில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பகுதிகளை நீக்கிய நீதிமன்றம், இத்தகைய மருந்து விளம்பரம் கருத்துச் சுதந்திரம் ஆகாது, வியாபாரம்தான் என்று சொல்லித் தடையை நிலைநிறுத்தியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் சுவர்களும் கைபேசிகளும் அந்த விளம்பரங்களால் நிறைந்திருக்கின்றன.

அன்று அந்தக் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏழு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ ஸ்கேன், எத்தனையோ இரத்தப் பரிசோதனை. இவருக்கு ஒன்றுகூட இல்லை. மாமியார் இரண்டாம் நிக்காஹ் பற்றி ஜாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்பதை அப்போதுதான் மனைவி வாய்திறந்து சொன்னார். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை மிகச் சில நூறு ரூபாயில் முடிகிற எளிய சோதனை. சிகிச்சைக்காகத் தன் மாதிரியைக் கொடுப்பதில் மார்க்கத்தில் தடையில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், தான் நாடியோருக்கு ஆண் மக்களையும் தருவதாகவும், சிலரைப் பிள்ளையற்றவராக ஆக்குவதாகவும் சூரா அஷ்ஷூராவில் அல்லாஹ் சொல்கிறான். அங்கே பெண்ணை மட்டும் தனியாகச் சுட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் பரிசோதனை செய்துகொண்டார். எண்ணிக்கை குறைவாக இருந்தது. இப்போது ஒரு சிறுநீரகவியல் டாக்டரிடம் சிகிச்சை பெறுகிறார், புகைப்பதை விட்டுவிட்டார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கருத்தரிப்புப் பிரிவிலும் விசாரித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் குழந்தை உண்டாகவில்லை. நகை அடகுக்குப் போகவில்லை. மாமியாரிடம் ரிப்போர்ட்டைக் காட்டியது மகன்தான் என்று அந்தச் சகோதரி தொலைபேசியில் சொன்னார்.